நான்காம் நாள் மறைந்த வெள்ளைப் புள்ளி: உப்புநீர்த் தொட்டி, கேள்வி – பதில்

கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்கள். தொட்டியின் கொள்ளளவு, உப்பு அளவு, வெப்பம், அம்மோனியா ஆகிய நான்கையும் குறித்து அனுப்பியவர்களுக்கு நேராகப் பதில் சொல்ல முடிந்தது. "மீன் சோர்வாக இருக்கிறது, என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டவர்கள், அளந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 100 லிட்டர் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. புதிதாக ஒரு ராயல் கிராமாவை விட்டோம். ஒரு வாரத்தில் அதன் துடுப்பில் தூள் உப்பைத் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பிறகு கோமாளிகளுக்கும் வந்தது. பூண்டுச் சாற்றில் ஊறிய தீனி கொடுத்தோம். நான்காம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பூண்டு எதையும் கொல்லவில்லை. இது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று பருக்கும். வயிறு நிறைந்ததும் தானாகக் கழன்று விழும். பெரும்பாலும் இருட்டில்தான் விழும். அதனால்தான் காலையில் விளக்கைப் போட்டதும் மீன் பளிச்சென்று தெரிகிறது. விழுந்தது மணலிலோ பாறையிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு உள்ளே பிளந்து பிளந்து பெருகும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளியே வரும். சில கூடுகள் நான்கைந்து நாளில் திறக்கும், சில மாதம் கடந்தும் திறக்கும். இன்று பத்துப் புள்ளி இருந்த மீனுக்கு அடுத்த சுற்றில் நூறு வரும். அதில் பாதி செவுளுக்குள், உங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில்.

ஆக, இப்போது கிடைத்திருப்பது சில நாள் இடைவெளி. அதற்குள் மூன்று மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். 40 லிட்டர் போதும். மணல், பாறை எதுவும் கூடாது. ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான்.

அங்கே தாமிர மருந்து கொடுக்க வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கும், இரண்டின் அளவும் ஒன்றல்ல. அயனித் தாமிரம் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், பிணைக்கப்பட்ட தாமிரம் என்றால் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு, 1.5 முதல் 2 மில்லிகிராம் வரை. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போட்டால் மீன் சாகும், அல்லது நோய் அப்படியே இருக்கும். வாங்கும் டெஸ்ட் கிட்டும் அந்த வகைத் தாமிரத்தை அளக்கக் கூடியதுதானா என்று பாருங்கள். ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றி, 30 நாள் அதே அளவில் நிறுத்துங்கள். நடுவில் ஒருநாள் அளவு குறைந்துவிட்டால் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தாமிரம் கொல்வது நீரில் நீந்தி வரும் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்குள் இருப்பதும் கூட்டுக்குள் இருப்பதும் அதற்கு எட்டாது. ஒவ்வொன்றும் வெளியே வரும்வரை மருந்து காத்திருக்க வேண்டும்.

இந்த 30 நாளில் மீனைக் கொல்வது பெரும்பாலும் தாமிரம் அல்ல, அம்மோனியா. புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது. தினமும் அளந்து, ஏறினால் நீரை மாற்றுங்கள். மாற்றும் நீரிலும் அதே அளவு தாமிரம் கலந்திருக்க வேண்டும். அம்மோனியாவை அடக்கும் திரவங்களைத் தாமிரத்தோடு சேர்க்காதீர்கள். சில திரவங்கள் தாமிரத்தின் உருவை மாற்றி மீனுக்கே நஞ்சாக்கிவிடும்.

பெரிய தொட்டியிலேயே மருந்தை ஊற்றிவிடலாமே என்று தோன்றும். சுண்ணப் பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அளவு நிற்காது. நத்தை, இறால், பவளம் எல்லாம் போகும். அந்தத் தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் இருக்கட்டும். நத்தையும் பவளமும் உள்ளேயே இருக்கலாம், அவற்றை இந்த ஒட்டுண்ணி தின்னாது. இரண்டு தொட்டிக்கும் ஒரே வலை, ஒரே வாளி வேண்டாம். ஈரக் கையே போதும் நோயைத் திருப்பிக் கொண்டுவர.

தாமிரம் பிடிக்காதவர்களுக்கு வேறு வழி உண்டு. மீனை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, நன்றாகக் காய்ந்த வேறு தொட்டிக்கு மாற்றுவது: 1, 4, 7, 10, 13 ஆம் நாட்கள். விழுந்த கூடு திறக்கும் முன் மீன் இடம் மாறியிருக்கும். மருந்துச் செலவில்லை, முதுகுதான் ஒடியும்.

அந்தக் கிராமாவை நேராகத் தொட்டியில் விடாமல் நான்கு வாரம் தனியே வைத்திருந்தால் கோமாளிகளுக்கு இது வந்திருக்காது. அடுத்த மீனுக்காவது அப்படிச் செய்யுங்கள்.

கேள்வி: உடம்பில் புள்ளி எதுவும் இல்லை. ஆனால் மீன், நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டின் எதிரிலேயே நின்றுகொண்டு வேகமாக மூச்சு வாங்குகிறது. நேற்றிலிருந்து தீனியும் எடுக்கவில்லை. எதனால்?

பதில்: முதலில் மற்ற மீன்களைப் பாருங்கள். எல்லாமே ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் கோளாறு நீரில்: ஆக்சிஜன் இல்லை அல்லது அம்மோனியா ஏறியிருக்கிறது. ஒரே ஒரு மீன், அதிலும் வெளிச்சத்தை விட்டு ஒதுங்கி நீரோட்டத்தில் நிற்கிறது என்றால் வெல்வெட் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணி முதலில் செவுளைத்தான் பிடிக்கும். தோலில் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தோலில் மஞ்சள் கலந்த மாவு தூவிய மாதிரி மங்கலாகத் தெரிந்தால் அதுதான். வெள்ளைப் புள்ளி நோய் வாரக்கணக்கில் இழுக்கும். இது இரண்டு மூன்று நாளில் தொட்டியைக் காலி செய்யும்.

உடனே செய்ய வேண்டியது நன்னீர்க் குளியல். ஒரு வாளியில் குளோரின் இல்லாத நன்னீர், தொட்டியின் அதே வெப்பம், சமையல் சோடா கலந்து பி.எச். 8.2, காற்றுக்கல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடம். மீன் முதல் நிமிடத்தில் சாய்ந்து படுக்கும், பதற வேண்டாம். புரண்டு விழுந்து அசையாமல் கிடந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். பிறகு மேலே சொன்ன தாமிரத் தொட்டி. குளியல் மூச்சுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும், நோயை முடிக்காது. வாளியின் அடி கறுப்பாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு: வெள்ளை எள் மாதிரித் தட்டையாக ஏதாவது உதிர்ந்து கிடந்தால் அவை தோல் புழுக்கள். அவற்றுக்குத் தாமிரம் உதவாது, பிராசிகுவான்டல் வேண்டும்.

கோமாளி மீனாக இருந்து, தோல் வெந்தது போலச் சளி உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா. அதற்கும் தாமிரம் வேலை செய்யாது, ஃபார்மலின்தான்.

கேள்வி: புதிய மீனின் பையைத் திறந்து ஒரு மணி நேரம் குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டவிட்ட பிறகே மீனை விடுகிறேன். சரிதானே?

பதில்: பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் கொண்டுவந்த மீனுக்குத் தொந்தரவில்லை. ஒருநாள் பயணத்தில் வந்த மீனுக்கு இந்தப் பழக்கமே எமன். அடைத்த பையில் மீன் விட்ட மூச்சுக் காற்று சேர்ந்து பி.எச். 7 அல்லது அதற்கும் கீழே இறங்கியிருக்கும். அந்த நீரில் அம்மோனியா நிறைய இருந்தாலும், பெரும்பகுதி தீங்கு குறைந்த அம்மோனியம் என்ற உருவில் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமிலக் காற்று வெளியேறும், பி.எச். ஏறும், அதே அம்மோனியா நஞ்சு உருவுக்குத் திரும்பும். பி.எச். 7-இல் இருப்பதை விட 8.2-இல் நஞ்சு உருவின் பங்கு பத்து மடங்குக்கும் மேல். அதற்குள் மீனை ஒரு மணி நேரம் ஊறப் போடுகிறீர்கள்.

பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். திறந்த உடனே இரண்டு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பு மானியில் உப்பைப் பாருங்கள். பை நீரின் ஒப்படர்த்தி (நன்னீருக்கு 1.000) 1.020 என்று காட்டினால் தனிமைத் தொட்டியை 1.020-இல் தயாராக வைத்து மீனை மட்டும் மாற்றுங்கள், பை நீர் வெளியே போகட்டும். பிறகு தினமும் 0.002-க்கு மேல் போகாமல் ஏற்றி 1.025-க்குக் கொண்டுவரலாம். உப்புக் குறைவதை மீன் எளிதாகத் தாங்கும். கூடுவதைத்தான் தாங்காது: கடல்மீனின் உடல் திரவத்தில் கடலின் மூன்றில் ஒரு பங்கு உப்புதான் உண்டு, வெளியே உப்புக் கூடக்கூட உடம்பிலிருந்து நீர் வெளியேறும் வேகமும் கூடும்.

கேள்வி: கடல் உப்பு என்றே எழுதி விற்கும் கல் உப்பைக் கரைத்துப் பயன்படுத்தலாமா? மீன் உப்பின் விலை கட்டுப்படியாகவில்லை.

பதில்: முடியாது. காரணம் உப்பு எடுக்கும் முறையிலேயே இருக்கிறது. கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணச் சேர்மங்கள் படிந்துவிடும்; அடுத்து சோடியம் குளோரைடு படிகமாகும்; மெக்னீசியமும் பொட்டாசியமும் மிச்சக் கசப்பு நீரில் தங்கிவிடும், அதை வடித்துவிடுவார்கள். கையில் கிடைப்பது கடலின் ஒரு பகுதி மட்டுமே. அதைக் கரைத்தால் உப்பு மானி 1.025 காட்டும், ஆனால் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டிய கால்சியமும் 1,300 அளவில் இருக்க வேண்டிய மெக்னீசியமும் இருக்காது. பி.எச்.-ஐப் பிடித்து நிறுத்தும் காரத்தன்மையும் இருக்காது.

மீன் உப்பைக் கரைக்கும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். முதலில் தண்ணீர், பிறகு உப்பு. வாளியில் உப்பைக் கொட்டி அதன்மேல் நீரை ஊற்றினால், ஆரம்பத்தில் கரைசல் மிகக் கெட்டியாக இருக்கும். கால்சியம் வெண்சுண்ணமாகப் படிந்துவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் பால் போலவே நிற்கும். 20 லிட்டர் ஆர்.ஓ. நீருக்கு 700 கிராமில் தொடங்கி, பவர்ஹெட் ஓடும்போதே சிறிது சிறிதாகத் தூவுங்கள். ஓர் இரவு ஓடட்டும். மறுநாள் 25 டிகிரியில் அளந்து, குறைந்தால் கொஞ்சம் சேருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்யம் காட்டச் செய்தால் மட்டும் போதாது. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) சோதனைக் கரைசலில் சரிபாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் மானி வைத்திருந்தால், முள்ளில் ஒட்டிய காற்றுக் குமிழைத் தட்டிவிட்டுப் படியுங்கள். குமிழ் முள்ளைத் தூக்கி, இல்லாத உப்பைக் காட்டும்.

கேள்வி: தொட்டியில் குறையும் நீரை அதே அளவு உப்புநீரால்தான் நிரப்புகிறேன். 1.026-இல் தொடங்கியது ஒரே வாரத்தில் 1.030-க்கு வந்துவிட்டது. உப்பு மானி கெட்டுவிட்டதா?

பதில்: மானி நன்றாகத்தான் இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு போவதில்லை. 100 லிட்டர் தொட்டியில் 3,500 கிராம் உப்பு இருக்கிறது. தினம் 2 லிட்டர் ஆவியானால் வாரம் 14 லிட்டர். அதை உப்புநீரால் நிரப்பினால் 490 கிராம் கூடுதலாகச் சேர்கிறது. 35 ஆக இருந்தது 40 பிபிடி ஆகிறது, அதுதான் உங்கள் 1.030. ஆவியான நீருக்கு ஆர்.ஓ. நன்னீர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் வாரம் ஒருமுறை அல்ல, தினமும். இப்போது சரிசெய்ய, 4 லிட்டர் எடுத்து 4 லிட்டர் நன்னீர் ஊற்றுங்கள். இப்படி ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் கணக்கே தேவைப்படாது.

கேள்வி: பாட்டில் பாக்டீரியாவை ஊற்றினால் மறுநாளே மீன் விடலாம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாட்டிலை வாங்குங்கள், மறுநாள் கணக்கை நம்பாதீர்கள். அந்தப் பாட்டில் எவ்வளவு நாள் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. உயிர் இருக்கிறதா என்பதைத் தொட்டியே சொல்லும். மீன் விடாமல், சுத்தமான அம்மோனியம் குளோரைடு 100 லிட்டருக்கு சுமார் 0.6 கிராம் போடுங்கள்; அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டும். அது இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். மறுபடி 2 மில்லிகிராம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் தொட்டி தயார். நல்ல பாட்டிலோடு இரண்டு வாரத்தில் முடியலாம், இல்லாமல் நான்கிலிருந்து ஆறு வாரம். நடுவில் நைட்ரேட் பயங்கரமாகக் காட்டினால் அதை விட்டுத்தள்ளுங்கள்: நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் சோதனை கூட்டித்தான் காட்டும்.

இதற்கிடையில் மணலெல்லாம் காபித்தூள் கொட்டிய நிறத்தில் படலம் பிடிக்கும். அது டயட்டம் என்ற நுண்பாசி. எல்லாப் புதுத் தொட்டியிலும் வரும், தானே போகும்.

முதலில் ஒரு மீன், அல்லது ஒரு சின்ன ஜோடி. அடுத்த மீனுக்குள் மூன்று வாரமாவது இடைவெளி. பாக்டீரியா இருக்கிற தீனியின் அளவுக்குத்தான் பெருகும்.

கேள்வி: ஒரே அளவில் இரண்டு கோமாளி மீன்கள் வாங்கினேன். ஒன்று மற்றொன்றைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஆணாக இருக்குமோ?

பதில்: குட்டியில் எல்லாக் கோமாளியும் ஆண் பக்கம்தான். கூட்டத்தில் பெரியதும் வலியதும் பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாக நிற்கும். ஆகவே இந்தச் சண்டை 'யார் பெண்' என்பதற்கானது. சின்னது எதிரில் வந்து உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, வலிப்பு வந்தது போல நடுங்குகிறதா என்று பாருங்கள். அது நோயல்ல, பணிவு. அதைப் பார்த்துவிட்டால் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். நடுக்கம் இல்லை, சின்னது மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது, வால் கிழிந்திருக்கிறது என்றால் உடனே பிரித்துவிடுங்கள். வலியதை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அதே தொட்டிக்குள் பத்து நாள் மிதக்கவிட்டு, பிறகு விட்டுப் பார்க்கலாம். அப்படியும் அடங்காவிட்டால் சின்னதைக் கொடுத்துவிட்டு அதைவிடச் சின்ன குட்டியாக வாங்குவதே வழி. ஒரே அளவில் இரண்டு வாங்கியதுதான் கோளாறு. இரண்டும் பெண்ணாகிவிட்டால் பேச்சே இல்லை. பெண் திரும்ப ஆணாவதில்லை.

கேள்வி: கோமாளி மீனுக்கு அனிமோன் அவசியமா?

பதில்: இல்லை. கடலில் கோமாளி ஒளிந்துகொள்ளும் அந்தப் பூப்போன்ற கொட்டும் விலங்கு இல்லாவிட்டால் அதை மற்ற மீன் தின்றுவிடும். தொட்டியில் தின்ன யாரும் இல்லை. ஆறு மாதமாவது ஆகாத தொட்டி, பவளத்துக்கு வேண்டிய வெளிச்சம் இல்லாத தொட்டி என்றால் அனிமோன் சுருங்கிச் செத்து, ஒரே இரவில் நீரைக் கெடுக்கும். இடம் மாறும் பழக்கமும் உண்டு, பவர்ஹெட்டுக்குள் போய்ச் சிக்கும்.

கேள்வி: மாண்டரின் மீன் நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் மெலிகிறது. உறைந்த இறால் தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பதில்: கொத்துகிறது என்பதாலேயே தின்கிறது என்று அர்த்தமில்லை. அது தேடுவது பாறையில் ஊரும் கோப்பிபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகளை. வயிறு சின்னது, காலையிலிருந்து மாலை வரை நூற்றுக்கணக்கில் வேண்டும். இரவு விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சை அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளி ஓட வேண்டும். ஒன்றும் ஓடவில்லை என்றால் இருந்ததை அது தின்று முடித்துவிட்டது. 200 லிட்டருக்குக் குறைந்த, ஓராண்டு ஆகாத தொட்டியில் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

மேலிருந்து பாருங்கள்: தலைக்குப் பின்னால் உடம்பு உள்வாங்கியிருக்கிறதா? அப்படியென்றால் தாமதிக்காமல், துளையிட்ட சின்னப் பெட்டியில் மீனைத் தனியே விட்டு, அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் குட்டி இறால் வகை) குஞ்சுகளை நாளைக்கு மூன்று நான்கு முறை கொடுங்கள். அதைத் தின்னப் பழகியதும் உறைந்த மைசிஸ் என்ற சின்ன இறால் வகையைச் சிறுசிறு துண்டாக அதில் கலந்து மாற்றலாம். பழகவில்லை என்றால், பழைய பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவதுதான் அந்த மீனுக்கு நல்லது.

கேள்வி: மின்சாரம் நான்கைந்து மணி நேரம் போனால் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? வெப்பத்தையா?

பதில்: காற்றை. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீர் 7-ஐக்கூட எட்டாது. நீர் ஓடாமல் நின்றால் மீனும் பாக்டீரியாவும் அதைச் சேர்ந்து குடித்துவிடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குவளையில் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். தீனி போடாதீர்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் என்றால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது. உள்ளே நின்ற நீர் அழுகியிருக்கும், அதைக் கொட்டிவிட்டு இயக்குங்கள்.

கேள்வி: நீரின் கழிவை நுரையாக்கிக் கோப்பையில் சேர்க்கும் ஸ்கிம்மர், நன்றாக நுரை தள்ளிக்கொண்டிருந்தது, நேற்று மாலை திடீரென நின்றுவிட்டது. மோட்டார் ஓடுகிறது, குமிழும் வருகிறது, கோப்பையில் மட்டும் எதுவும் ஏறவில்லை.

பதில்: நேற்று எண்ணெய்ப் பசையுள்ள தீனி போட்டீர்களா, அல்லது கிரீம் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டீர்களா? எண்ணெய் நுரையை அடக்கிவிடும். எதையும் திருகாமல் விட்டுவிடுங்கள், ஒரு நாளில் திரும்பிவிடும். நாளை மாலையும் கோப்பை காய்ந்தே இருந்தால், காற்றுக் குழாயின் வாயில் உப்புக் கட்டியிருக்கும்; வெந்நீரை இழுக்கவிட்டுக் கரையுங்கள்.